காப்பி பாதியில் நின்றுவிட்டதா? கேபிளைப் பிடுங்காதீங்க!

போனில் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வந்ததும் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். பீரோவில் கிடக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து, போட்டோ, வீடியோ, சர்டிபிகேட் எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டு, போனைக் காலி செய்யப் பார்ப்போம். கொஞ்ச நேரம் பச்சைக் கோடு நன்றாக ஓடும். திடீரென்று 62 சதவீதத்தில் நிற்கும். ஐந்து நிமிடம் ஆகும், பத்து நிமிடம் ஆகும், நகரவே நகராது. பொறுமை போய், கேபிளைப் பிடுங்கிவிட்டு மறுபடி செருகுவோம்.

நானும் அதைத்தான் செய்தேன். எங்கள் தாத்தாவின் சதாபிஷேகத்தில் எடுத்த வீடியோக்கள் லேப்டாப்பில் இருந்தன. இடம் வேண்டும் என்று எல்லாவற்றையும் 'கட்' செய்து ஹார்ட் டிஸ்க்கில் 'பேஸ்ட்' கொடுத்தேன். பாதியில் நின்றது. பிடுங்கினேன். திரும்பச் செருகிப் பார்த்தால் 11 வீடியோக்களின் பெயர் மட்டும் இருக்கிறது, அளவு பூஜ்ஜியம். லேப்டாப்பிலும் அவை இல்லை. 'கட்' கொடுத்தால், ஒவ்வொரு ஃபைலும் அந்தப் பக்கம் போனதாகக் கணக்கு வந்ததும் இந்தப் பக்கம் அழிந்துவிடும். அந்த 11-இல் ஒன்று, தாத்தா மைக்கைப் பிடித்துக்கொண்டு பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிய மூன்று நிமிட வீடியோ. அடுத்த வருடம் தாத்தா இல்லை.

அந்த அனுபவத்துக்குப் பிறகு தேடிப் படித்து, செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் இந்தக் கட்டுரையில் படிப்படியாகச் சொல்கிறேன். பெரிய கம்ப்யூட்டர் அறிவு எதுவும் தேவையில்லை. ஒரே ஒரு கேள்வியைக் கேட்கப் பழகினால் போதும்: காப்பி எந்த இடத்தில் நிற்கிறது?

படி 1: நின்றுவிட்டதா, மெதுவாகப் போகிறதா?

நின்றுபோனது மாதிரித் தெரியும் காப்பி பல நேரம் நிற்பதில்லை, ஊர்ந்துகொண்டிருக்கும். அதனால் முதலில் இந்த மூன்றையும் பாருங்க.

• ஹார்ட் டிஸ்க்கில் உள்ள சின்ன விளக்கு மினுக்குகிறதா? மினுக்கினால் பெரும்பாலும் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.
• டிஸ்க்கின் மேல் விரலை மெதுவாக வைத்தால் லேசான அதிர்வு தெரிகிறதா? தூக்கிப் பார்க்க வேண்டாம், வைத்த இடத்திலேயே இருக்கட்டும்.
• விண்டோஸ் லேப்டாப் என்றால் 'டாஸ்க் மேனேஜர்' திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் அந்த டிஸ்க்கைப் பாருங்கள். எழுதும் வேகம் ஏதாவது எண்ணைக் காட்டினால் காத்திருக்கலாம்.

எவ்வளவு நேரம் ஆகும் என்ற கணக்கும் கையில் இருக்கட்டும். யு.எஸ்.பி. 2.0 போர்ட்டில் நடைமுறையில் விநாடிக்கு 30 முதல் 40 எம்பி வரைதான் கிடைக்கும். 100 ஜிபி வீடியோவை விநாடிக்கு 35 எம்பி வேகத்தில் ஏற்றினால் ஏறக்குறைய 48 நிமிடம் ஆகும். யு.எஸ்.பி. 3.0 போர்ட்டில் அதே டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி தந்தால் 17 நிமிடத்தில் முடியும். ஆக, அரை மணி நேரமாக ஓடுகிறதே என்று பதறுவதற்கு முன், எத்தனை ஜிபி கொடுத்தோம் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கும் மினுக்கவில்லை, வேகமும் பூஜ்ஜியம், பதினைந்து நிமிடமாக ஒரு அசைவும் இல்லை என்றால் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

படி 2: நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு

1. முதலில் காப்பி நடக்கும் பெட்டியில் 'கேன்சல்' அழுத்துங்கள். உடனே போகாது. ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள்.
2. பிறகு 'சேஃப்லி ரிமூவ் ஹார்ட்வேர்' அல்லது 'எஜெக்ட்' கொடுங்கள்.
3. 'டிஸ்க் பயன்பாட்டில் உள்ளது' என்று மறுத்தால், திறந்திருக்கும் ஃபோல்டர், போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி முயலுங்கள்.
4. அப்போதும் கேட்கவில்லை என்றால் லேப்டாப்பையே முறைப்படி 'ஷட் டவுன்' செய்யுங்கள். முழுதாக அணைந்த பிறகு கேபிளைக் கழற்றுங்கள்.

ஏன் இத்தனை பக்குவம்? கம்ப்யூட்டர் ஒரு ஃபைலை டிஸ்க்கில் எழுதும்போது இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, ஃபைலையே எழுதுவது. மற்றொன்று, எந்த ஃபைல் எந்த இடத்தில் இருக்கிறது என்ற பதிவேட்டை எழுதுவது. பாதியில் பிடுங்கினால் இந்தப் பதிவேடு குழம்பிப்போகலாம். அப்போது புதிதாக ஏற்றியது மட்டுமில்லை, ஏற்கனவே டிஸ்க்கில் இருந்த பழைய ஃபைல்களும் காணாமல் போகலாம். போனிலும் லேப்டாப்பிலும் ஒரே டிஸ்க்கைப் பயன்படுத்த 'எக்ஸ்ஃபேட்' என்ற அமைப்பு வசதியானது. ஆனால், தான் செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் வழக்கம் அதற்கு இல்லை. விண்டோஸின் 'என்.டி.எஃப்.எஸ்.' அமைப்புக்கு அது உண்டு. அதனால் எக்ஸ்ஃபேட் டிஸ்க்கைப் பிடுங்குவதில் ஆபத்து இன்னும் கூடுதல்.

படி 3: எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. டிஸ்க்கில் வழக்கத்துக்கு மாறான சத்தம் கேட்டால் மட்டும் இதைச் செய்ய வேண்டாம், நேராகக் கீழே 'ஈ' பகுதிக்குப் போய்விடுங்கள். சத்தம் எதுவும் இல்லை என்றால் காப்பியை இன்னொரு தடவை ஆரம்பியுங்கள். 'கட்' வேண்டாம், 'காப்பி' மட்டும். நிற்கும்போது எந்த ஃபைலின் பெயர் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது தடவையும் செய்து பாருங்கள். பிறகு கீழே உள்ள நான்கில் உங்கள் கதை எது என்று தெரிந்துவிடும்.

அ) ஒவ்வொரு முறையும் ஒரே ஃபைலில் நிற்கிறது

அப்படியென்றால் கேபிளைச் சந்தேகப்பட வேண்டாம். கோளாறு அந்த ஃபைலில் இருக்கிறது, அல்லது அந்த ஃபைலை ஏற்க முடியாத அமைப்பில் டிஸ்க் இருக்கிறது.

ஃபைல் ரொம்பப் பெரிசா? பழைய டிஸ்க்குகளும் பென்டிரைவ்களும் 'ஃபேட் 32' என்ற அமைப்பில் இருக்கலாம். அதில் 4 ஜிபி-க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறவே ஏறாது. டிஸ்க்கில் 500 ஜிபி காலியாக இருந்தாலும் ஏறாது. கல்யாண வீடியோ நிற்பதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். டிஸ்க்கின் மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' பார்த்தால் 'ஃபைல் சிஸ்டம்' என்ற வரியில் என்ன அமைப்பு என்று இருக்கும். ஃபேட் 32 என்றால் எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்ற வேண்டும். அதற்கு 'ஃபார்மட்' செய்ய வேண்டும். ஃபார்மட் செய்தால் டிஸ்க்கில் உள்ளது எல்லாம் போய்விடும். எனவே உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு எடுத்துவைத்துவிட்டுத்தான் அதில் கை வைக்கணும்.

பெயர் ரொம்ப நீளமா? விண்டோஸில் பல இடங்களில் ஃபோல்டர் பெயர்கள், ஃபைல் பெயர் எல்லாம் சேர்த்து 260 குறிகள் என்ற வரம்பு இன்னும் இருக்கிறது. தமிழில் பெயர் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 'கொண்டாட்டம்' என்பது நமக்கு ஆறு எழுத்து. கம்ப்யூட்டர் கணக்கில் அது 11. புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர் என்று நீளமான தமிழ்ப் பெயர்கள் அடுக்கினால் வரம்பு சீக்கிரம் வந்துவிடும். தமிழில் பெயர் வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. 'வீடு 2023', 'பட்டா', 'அம்மா மருத்துவம்' என்று சுருக்கமாக வையுங்க, போதும்.

பெயரில் வேண்டாத குறி இருக்கிறதா? கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு, இரட்டை மேற்கோள்குறி போன்றவை விண்டோஸ் ஃபைல் பெயரில் வரக் கூடாது. போன் சில நேரம் இவற்றை ஏற்றுக்கொள்ளும், டிஸ்க் ஏற்காது. பெயரை மாற்றினால் சரியாகிவிடும்.

ஃபைல் உண்மையிலேயே லேப்டாப்பில் இருக்கிறதா? 'ஒன்டிரைவ்' போன்ற வசதியில் சில ஃபைல்களின் பக்கத்தில் மேகம் மாதிரி ஒரு படம் இருக்கும். அந்த ஃபைல் இணையத்தில் இருக்கிறது, உங்கள் லேப்டாப்பில் இல்லை. காப்பி கொடுத்ததும் முதலில் அது இறங்க வேண்டும். நெட் மெதுவாக இருந்தால் காப்பியும் நிற்கும். முதலில் இறக்கிவைத்துக்கொண்டு பிறகு காப்பி செய்யுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், அந்த ஒரு ஃபைலை மட்டும் லேப்டாப்பிலேயே 'டெஸ்க்டாப்'புக்குக் காப்பி செய்து பாருங்கள். அங்கும் நின்றால் மூல ஃபைலே பழுதாகியிருக்கிறது. அதை விட்டுவிட்டு, 'ஸ்கிப்' கொடுத்து, மற்றதை முதலில் பத்திரப்படுத்துங்கள்.

ஆ) ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது

முதல் தடவை 20 சதவீதம், அடுத்த தடவை 55, அதற்கடுத்து 8. இப்படி என்றால் ஃபைலில் குறை இருக்க வாய்ப்புக் குறைவு. கேபிள், போர்ட், மின்சாரம் இந்த மூன்றையும் சந்தேகப்படலாம்.

கேபிள்: விலை குறைந்த பொருள் என்பதால் இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. நிறைய நேரம் இதுதான் காரணம். பல ஹார்ட் டிஸ்க்குகளில் அகலமாக, இரண்டு பகுதியாக இருக்கும் முனை காலப்போக்கில் தளர்ந்துவிடும். லேசாகத் தொட்டாலே இணைப்பு விட்டுப்போகும். வேறு கேபிள் இருந்தால் மாற்றிப் பாருங்கள். டைப்-சி டிஸ்க் என்றால் போன் சார்ஜர் கேபிளைப் போடாதீங்க. அவற்றில் பல யு.எஸ்.பி. 2.0 வேகத்துக்கு மட்டுமே ஆனவை. டிஸ்க்குடன் வந்த கேபிளே நல்லது. கேபிள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

போர்ட்: டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் என்றால் முன்பக்கப் போர்ட்டை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் செருகுங்கள். பின்பக்கப் போர்ட் மதர்போர்டிலேயே இருப்பது. முன்பக்கம் உள்ளே ஒரு ஒயர் வழியாக வருவது. நடுவில் 'ஹப்' இருந்தால் எடுத்துவிட்டு நேரடியாக இணைத்துப் பாருங்கள்.

மின்சாரம்: கையடக்க ஹார்ட் டிஸ்க்கிற்குத் தனியாக பிளக் கிடையாது. யு.எஸ்.பி. போர்ட்டிலிருந்துதான் கரன்ட் எடுக்கும். யு.எஸ்.பி. 2.0 போர்ட் தர வேண்டிய அளவு 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட்டுக்கு 900 மில்லி ஆம்பியர். சில டிஸ்க்குகள் சுழலத் தொடங்கும்போது இதற்கு மேலும் கேட்கும். கரன்ட் போதாவிட்டால் டிஸ்க் ஒரு கணம் நின்று மறுபடி சுழலும், காப்பி அறுந்துவிடும். அதே லேப்டாப்பில் செருகியிருக்கும் மவுஸ், ஃபேன், போன் சார்ஜிங் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முயலுங்கள். லேப்டாப்பை சார்ஜரில் போட்டு வையுங்கள். யு.பி.எஸ். இல்லாத டெஸ்க்டாப் என்றால், மின்தடை அறிவித்த நாளில் பெரிய காப்பி வேலையை ஆரம்பிக்காதீங்க.

தூங்கிப்போகும் கம்ப்யூட்டர்: மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக லேப்டாப் தானாகத் தூங்கிவிடும், அல்லது யு.எஸ்.பி. போர்ட்டை மட்டும் ஓய்வுக்கு அனுப்பும். காப்பி முடியும்வரை 'ஸ்லீப்' அமைப்பை 'நெவர்' என்று மாற்றுங்கள். 'பவர் ஆப்ஷன்ஸ்' உள்ளே 'யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட்' என்று இருந்தால் அதை 'டிசேபிள்' செய்யுங்கள். லேப்டாப் மூடியையும் மூடாதீங்க.

இ) நிற்கவில்லை, ஆனால் போகப்போக மந்தமாகிறது

ஆரம்பத்தில் விநாடிக்கு 120 எம்பி, கொஞ்ச நேரத்தில் 10, அப்புறம் பூஜ்ஜியம், மறுபடி 30. இப்படி ஏறி இறங்கினால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் இது பழுது இல்லை, டிஸ்க்கின் சுபாவம்.

இன்றைய கையடக்க ஹார்ட் டிஸ்க்குகள் பலவற்றில், கூரை ஓடு வேய்வது மாதிரி ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் கொஞ்சம் ஏறி நிற்கும்படி எழுதுவார்கள். அதே தட்டில் அதிகத் தகவல் அடங்கும். ஆனால் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் மேலே உள்ள ஓடுகளையும் கலைத்து அடுக்க வேண்டும் இல்லையா? அதே கதைதான். டிஸ்க் முதலில் ஒரு தனி இடத்தில் வேகமாக வாங்கி வைத்துக்கொள்ளும். அந்த இடம் நிரம்பியதும், 'கொஞ்சம் இருங்க, அடுக்கிட்டு வர்றேன்' என்று நம்மைக் காக்கவைக்கும். ஒரே மூச்சில் 300 ஜிபி கொடுக்காமல், 30, 40 ஜிபி-யாகப் பிரித்து, நடுவில் பத்து நிமிடம் இடைவெளி விட்டுக் கொடுத்தால் சிக்கல் குறையும்.

இரண்டாவது காரணம், குட்டி ஃபைல்கள். 4 ஜிபி-யில் ஒரே ஒரு சினிமா ஏறுவதற்கும், 4 ஜிபி-யில் 20,000 வாட்ஸ்அப் படங்கள் ஏறுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஒவ்வொரு ஃபைலுக்கும் பதிவேட்டில் ஒரு பதிவு போட வேண்டும். ஒரு மூட்டை அரிசியைத் தூக்கி வைப்பதும், அதையே பிடி பிடியாக அள்ளி வைப்பதும் ஒன்றாகுமா? இதற்கு வழி, லேப்டாப்பிலேயே அந்த ஃபோல்டரை 'ஜிப்' செய்து ஒரே ஃபைலாக்கி ஏற்றுவது. அதற்கு முன் 'குட் மார்னிங்' படங்களை அழித்துவிட்டால் வேலை பாதி குறையும்.

மூன்றாவது, ஆன்டிவைரஸ். ஒவ்வொரு ஃபைலையும் நிறுத்திச் சோதித்து அனுப்பும். அதை அணைக்கச் சொல்ல மாட்டேன். முழு 'ஸ்கேன்' ஓடிக்கொண்டிருந்தால் அது முடிந்தபிறகு காப்பி செய்யுங்கள். டிஸ்க் கழுத்துவரை நிரம்பியிருந்தாலும் மந்தமாகும். 1 டிபி என்று எழுதியிருக்கும் டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். எண்ணும் முறைதான் வேறு, யாரும் ஏமாற்றவில்லை. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கையாவது காலியாக வைத்திருங்கள்.

ஈ) 'டக் டக்' சத்தம், மறைந்து மறைந்து வருகிறது

இதுதான் ஆபத்தானது. வழக்கத்துக்கு மாறாக 'டக்... டக்...' என்று சத்தம் கேட்பது, வேறு கேபிள் மாற்றியும் டிஸ்க் திரையில் வந்து வந்து மறைவது, ஒரு ஃபோல்டரைத் திறக்கவே பல நிமிடம் ஆவது, 'ஃபார்மட் செய்யவா?' என்று கம்ப்யூட்டர் கேட்பது. இவற்றில் எது நடந்தாலும் டிஸ்க் பழுதாகிக்கொண்டிருக்கலாம். இதில் புதிதாக எதையும் ஏற்றாதீர்கள். இனி இதிலிருந்து வெளியே எடுப்பது மட்டும்தான் வேலை.

செய்ய வேண்டியது:
• சத்தம் இல்லாமல், திறக்கவும் முடிகிறது என்றால், மிக முக்கியமானதை மட்டும் முதலில் வேறு இடத்துக்கு எடுங்கள். மொத்தமாக இழுக்காதீர்கள். முதலில் குழந்தையின் போட்டோ, பெரியவர்களின் வீடியோ. சினிமா எல்லாம் கடைசி.
• 'க்ரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவசச் செயலி டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். 'காஷன்' அல்லது 'பேட்' என்று வந்தால் புது டிஸ்க் வாங்கும் நேரம் வந்துவிட்டது. சில டிஸ்க்குகளில் இந்த விவரம் தெரியாமலும் போகலாம்.
• சத்தம் கேட்டால் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை செருகுவதும் சேதத்தை அதிகமாக்கலாம்.

செய்யக் கூடாதது:
• 'ஃபார்மட்' கொடுக்காதீர்கள்.
• முக்கியமானதை எடுப்பதற்கு முன் 'எரர் செக்கிங்', 'ரிப்பேர்' எதையும் ஓட்டாதீர்கள். அது பதிவேட்டை ஒழுங்குபடுத்தும் கருவி. ஒழுங்குபடுத்தும் வேகத்தில் உங்கள் ஃபைலின் பதிவையே நீக்கிவிடலாம்.
• தட்டுவது, ஃப்ரீசரில் வைப்பது, திருகைக் கழற்றித் திறப்பது எதுவும் வேண்டாம். உள்ளே சுழலும் தட்டுக்கும் அதன்மேல் மிதக்கும் படிப்பானுக்கும் நடுவில் சில நானோமீட்டர் இடைவெளிதான். நம் தலைமுடியின் தடிமன் 50,000 நானோமீட்டருக்கும் மேல். ஒரு தூசி போதும், தட்டைக் கீறிவிடும்.

'டேட்டா ரெகவரி' கடைக்குக் கொடுப்பதாக இருந்தால், கட்டணம் எவ்வளவு, மீட்க முடியாவிட்டால் எவ்வளவு என்று முன்பே எழுதி வாங்குங்கள். டிஸ்க்கில் ஆதார், பான், வங்கிப் புத்தக நகல்கள் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். 'போனிலேயே மீட்டுத் தருகிறோம், இந்தச் செயலியைப் போடுங்கள், திரையைப் பகிருங்கள்' என்று யாராவது அழைத்தால் நம்பாதீங்க. அப்படிப் பணம் இழந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்கவும்.

போனிலிருந்து நேரடியாக ஏற்றுபவர்களுக்கு

லேப்டாப் இல்லாமல், ஓ.டி.ஜி. கேபிள் வழியாகப் போனிலிருந்தே ஏற்றுபவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை:

• போன் தரும் கரன்ட், சுழலும் ஹார்ட் டிஸ்க்கிற்குப் பல நேரம் போதாது. தனி பிளக் உள்ள ஹப் வைத்து இணைக்கலாம். அல்லது பென்டிரைவ் பயன்படுத்தலாம்.
• சில போன்களில் ஓ.டி.ஜி.-யை செட்டிங்ஸில் நாமே ஆன் செய்ய வேண்டும். சும்மா இருந்தால் பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும்.
• என்.டி.எஃப்.எஸ். அமைப்பில் உள்ள டிஸ்க்கைப் பல போன்கள் ஏற்காது. எக்ஸ்ஃபேட்டைப் புதிய போன்கள் பெரும்பாலும் ஏற்கும்.
• காப்பி முடியும்வரை போன் திரை அணையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி பாதிக்கு மேல் இருக்கும்போது ஆரம்பியுங்கள். நடுவில் வேறு செயலிக்குத் தாவ வேண்டாம்.
• முடிந்ததும் மேலே உள்ள அறிவிப்பில் 'எஜெக்ட்' அழுத்திவிட்டுக் கழற்றுங்கள்.
• ஐபோனிலிருந்து விண்டோஸ் லேப்டாப்புக்கு எடுக்கும்போது பாதியில் பிழை வந்தால், செட்டிங்ஸில் 'போட்டோஸ்' பகுதிக்குப் போய், 'டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி' என்பதில் 'கீப் ஒரிஜினல்ஸ்' தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.
• போனையும் ஹார்ட் டிஸ்க்கையும் ஒரே லேப்டாப்பில் செருகி நேரே ஏற்றும்போது நின்றால், இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதலில் போனிலிருந்து லேப்டாப்புக்கு. பிறகு லேப்டாப்பிலிருந்து டிஸ்க்குக்கு. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதே குறை எங்கே என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசிப் படி: எண்ணிப் பார்த்துவிட்டு அழியுங்கள்

காப்பி 100 சதவீதம் காட்டியதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுவோம். முடிவதில்லை. இந்த நான்கையும் செய்த பிறகுதான் அசலில் கை வைக்கணும்.

1. 'எஜெக்ட்' கொடுத்து, கழற்றி, மறுபடி செருகுங்கள்.
2. இரண்டு பக்க ஃபோல்டரிலும் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து, எத்தனை ஃபைல் என்ற எண்ணிக்கையையும், 'சைஸ்' என்ற அளவையும் ஒப்பிடுங்கள். 'சைஸ் ஆன் டிஸ்க்' என்ற வரி மாறுபடலாம், அதை விட்டுவிடுங்கள்.
3. ஃபைல்களை அளவு வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். பூஜ்ஜியம் என்று ஏதாவது இருந்தால் அது வெறும் பெயர்.
4. முதல், நடு, கடைசி என்று சில வீடியோக்களை டிஸ்க்கிலிருந்தே ஓடவிட்டுப் பாருங்கள். நடுவில் ஓர் இடத்தைத் தொட்டு அங்கிருந்தும் ஓடவிடுங்கள்.

இன்னொன்று. போனில் இருந்ததை டிஸ்க்கில் ஏற்றிவிட்டு போனில் அழித்துவிட்டால் அது சேமிப்பு ஆகாது. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அப்போதும் உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. முக்கியமானதற்கு இரண்டு பிரதி வேண்டும், அதில் ஒன்று வேறு வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

எது போனால் திரும்ப வரும்? எது வராது?

டிஸ்க் பழுதானதும் பலர் முதலில் பதறுவது சான்றிதழ்களுக்காகத்தான். ஆனால் அவற்றில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம். பட்டா, சிட்டா நகலை வருவாய்த் துறையின் இணையச் சேவைத் தளத்தில் மறுபடி எடுக்கலாம். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறைத் தளத்தில் பார்க்கலாம். இ-சேவை வழியாகப் பெற்ற வருமான, சாதி, இருப்பிடச் சான்றுகளுக்கு விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். 2015-இல் தொடங்கப்பட்ட டிஜிலாக்கரில் துறைகள் நேரடியாக வழங்கும் ஆவணங்கள், 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அசலுக்குச் சமமானவை. நாமே ஸ்கேன் செய்து அதில் ஏற்றியவை அப்படி அல்ல, அவை நகல்தான். ஆதாரைப் பொறுத்தவரை, கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' பதிவிறக்கிக்கொண்டால் முழு எண் உள்ள நகலை எங்கும் போட்டுவைக்க வேண்டிய அவசியமே இல்லை.

திரும்ப வராதது எது? குழந்தை முதன்முதலில் நடந்த வீடியோ. அப்பாவின் குரல். பாட்டி சமையல் சொல்லிக்கொடுத்தபோது யாரோ விளையாட்டாக எடுத்த ஒரு நிமிடப் பதிவு. இவற்றுக்கு எந்தத் துறையும் இரண்டாம் படி வழங்காது. அதனால் அடுத்த தடவை ஹார்ட் டிஸ்க்கைச் செருகும்போது முதலில் ஏற்ற வேண்டியது இவைதான். சின்ன ஃபோல்டராக, தனியாக ஏற்றி, ஓடவிட்டுச் சரிபார்த்துவிட்டு, அப்புறம் மற்றது.

சுருக்கமாக:
• பதினைந்து நிமிடம் பொறுங்கள். விளக்கைப் பாருங்கள்.
• பிடுங்காதீர்கள். கேன்சல், எஜெக்ட், பிறகு கழற்றல்.
• ஒரே ஃபைலில் நின்றால் ஃபைலையும் டிஸ்க்கின் அமைப்பையும் பாருங்கள்.
• வேறு வேறு இடத்தில் நின்றால் கேபிள், போர்ட், கரன்ட்.
• மந்தமானால் பிரித்துப் பிரித்து ஏற்றுங்கள்.
• சத்தம் கேட்டால் அணைத்துவிடுங்கள்.
• 'கட்' வேண்டாம். எப்போதும் 'காப்பி'.

எங்கள் தாத்தாவின் வீடியோ என்ன ஆனது என்று கேட்பீர்கள். அசல் கிடைக்கவில்லை. பல மாதம் கழித்து, சித்தியின் பழைய போனில் வாட்ஸ்அப் வழியாக அன்றைக்கு யாரோ அனுப்பிய பிரதி இருந்தது. படம் கலங்கலாகத்தான் இருக்கிறது, தாத்தாவின் முகம் சரியாகத் தெரியாது. குரல் மட்டும் தெளிவு. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது நன்றாகக் கேட்கிறது. அது இப்போது நான்கு பேர் வீட்டில், நான்கு டிஸ்க்கில் இருக்கிறது. நான்கையும் நானே ஓடவிட்டுப் பார்த்துவிட்டேன்.